முதல் டாப்வாட்டர் ராட் வாங்கப் போறீங்களா? 120 டாலருக்குள்ள முடிக்கலாம்

டல்லாஸ் பக்கம் வந்து செட்டில் ஆன நம்ம பசங்க அடிக்கடி கேக்கற கேள்வி இது. "அண்ணா, பாஸ் பிடிக்கணும், தண்ணிக்கு மேல ஓடற லூர் போட்டு அடிக்கணும், என்ன ராட் வாங்கலாம், ரொம்ப செலவு பண்ண முடியாது." ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸப்ல டைப் பண்ணி டைப் பண்ணி விரல் தேஞ்சு போச்சு, அதான் ஒரே தடவையா எழுதி வச்சுடறேன். ராட்னா தூண்டில் கம்பு, லைன்னா தூண்டில் நூல், ரீல்னா அதைச் சுத்தற உருளை, லூர்னா மீனை ஏமாத்தற போலி இரை, அது தண்ணிக்கு மேல ஓடினா டாப்வாட்டர்.

பாஸ்னா ஆபீஸ்ல இருக்கறவர் இல்ல, லார்ஜ்மவுத் பாஸ். பச்சை உடம்பு, பக்கவாட்டுல ஒரு கருப்புக் கோடு, உள்ளங்கை நுழையற மாதிரி வாய். டெக்ஸஸ்ல வீட்டுக் காலனி குளத்துல இருந்து லேக் ஃபோர்க்ங்கற ஏரி வரைக்கும் எல்லா இடத்துலயும் இருக்கு. 1992 ஜனவரில அந்த லேக் ஃபோர்க்ல பிடிச்ச 18.18 பவுண்டு மீன்தான் இன்னிக்கும் டெக்ஸஸ் ரெக்கார்டு. உங்களுக்கும் எனக்கும் காலனி குளத்துல கிடைக்கப் போறது ஒரு பவுண்டு, ரெண்டு பவுண்டு, அதிர்ஷ்டம் இருந்தா மூணு. ராட் வாங்கும்போது இதை ஞாபகம் வச்சுக்கணும், ஏன்னா கடைக்குள்ள போனதும் எல்லாருக்கும் 18 பவுண்டு மீன்தான் கண்ணுல தெரியும்.

எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. முதல் ராட் வாங்கப் போனப்போ கடைல இருந்த பையன் "டாப்வாட்டரா, பெரிய மீன் அடிக்கும் சார், ஹெவி எடுங்க"ன்னு ஏழரை அடி ஹெவி ராட், அதாவது ரொம்ப விறைப்பான ராட் ஒண்ணைக் கைல கொடுத்துட்டான், நானும் தலையாட்டிட்டு வாங்கிட்டு வந்துட்டேன். கால் அவுன்ஸ் பாப்பர்னு ஒரு சின்ன லூரை அதுல போட்டு வீசினா பத்தடி தள்ளி விழுது. எப்படியோ வீசி மீனும் ரெண்டு தடவை அடிச்சுது, நான் வெறி பிடிச்ச மாதிரி இழுத்தேன், ரெண்டு தடவையும் முள்ளு வாய்ல இருந்து பிச்சுக்கிட்டு வந்து லூர் என் மூஞ்சிக்கு நேரா பறந்து வந்துச்சு. அன்னிக்குக் கண்ணாடி போட்டிருந்தேன், அது போதும். ராட் மேல தப்பு இல்ல, அது நல்ல ராட்தான், வேற வேலைக்கு.

முதல்ல லூர், அப்புறம்தான் ராட்

எல்லாரும் தலைகீழா பண்றாங்க. ராட் வாங்கிட்டு அதுக்கு லூர் தேடறாங்க. நீங்க முதல்ல எந்த லூர் போடப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க, அதோட எடைதான் ராடை முடிவு பண்ணும்.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு ரெண்டு லூர் போதும். ஒண்ணு பாப்பர், வாய் குழிவா இருக்கும், லேசா சுண்டினா "ப்ளக்"னு தண்ணி துப்பும். ரெபெல் கம்பெனியோட பாப்-ஆர் விலை கம்மி, கால் அவுன்ஸ், அதாவது சுமார் 7 கிராம். இன்னொண்ணு சுருட்டு மாதிரி இருக்கற ஸ்பூக். ஹெடன் கம்பெனியோட ஜாரா ஸ்பூக் பல தலைமுறையா விக்கற லூர். ராட் நுனியைத் தாளம் போடற மாதிரி கீழ தட்டிக்கிட்டே ரீலைச் சுத்தினா இடம் வலம்னு தலையை ஆட்டிக்கிட்டு வரும், நாயைக் கயித்துல கட்டி வாக்கிங் கூட்டிட்டுப் போற மாதிரின்னு இங்க அதுக்கு பேரே "வாக்கிங் த டாக்". பெரிய ஸ்பூக் முக்கால் அவுன்ஸ், 21 கிராம். அரை அவுன்ஸ்ல சூப்பர் ஸ்பூக் ஜூனியர்னு ஒண்ணு இருக்கு, குளத்துக்கு அதுதான் சரி.

வாப்பர் ப்ளாப்பர்னு வால் சுத்தற லூர் ஒண்ணு யூட்யூப்ல பாத்திருப்பீங்க. நல்லா மீன் பிடிக்கும், சும்மா சுத்தினாலே போதும், ஆனா விலையும் கூட, பெரிய சைஸ் எடையும் கூட. முதல் மாசம் வேண்டாம்.

ஆக கால் அவுன்ஸ்ல இருந்து அரை அவுன்ஸ், கொஞ்சம் மேல போனா அஞ்சு பை எட்டு அவுன்ஸ். நமக்கு இந்த அவுன்ஸ் கணக்கு பழக்கமில்ல, அதனால கிராம்ல ஞாபகம் வச்சுக்கோங்க: 7ல இருந்து 18 வரை. லூர் எவ்வளவு எடைன்னு சந்தேகம் வந்தா பாக்கெட்ல இருக்கற அஞ்சு சென்ட் நிக்கல் காசு ஒண்ணு சரியா 5 கிராம், மூணு காசு சேர்த்தா கிட்டத்தட்ட அரை அவுன்ஸ். ஒரு கைல காசு, ஒரு கைல லூர், அவ்வளவுதான்.

ராட்ல எழுதியிருக்கறதைப் படிங்க

கைப்பிடிக்கு மேல சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கும். நீளம், பவர், ஆக்‌ஷன், எத்தனை பவுண்டு லைன், எத்தனை அவுன்ஸ் லூர். விலை ஸ்டிக்கரைப் பாக்கறதுக்கு முன்னாடி இந்த வரியைப் பாருங்க. கடைசில இருக்கற லூர் எடைல ஆரம்பிச்சு பின்னாடி வாங்க. 1/4ல இருந்து 5/8னு போட்டிருந்தா உங்களுக்கான ராட் அது. 1/8ல ஆரம்பிச்சாலும் பரவால்ல. 3/8ல ஆரம்பிச்சா பாப்பர் ஒழுங்கா பறக்காது, எவ்வளவு அழகான கலரா இருந்தாலும் வச்சுட்டு வந்துடுங்க.

பவர்க்கும் ஆக்‌ஷனுக்கும் எல்லாரும் குழம்பறாங்க. பவர்னா ராடை வளைக்க எவ்வளவு பலம் வேணும்ங்கறது, லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவின்னு போகும். ஆக்‌ஷன்னா எந்த இடத்துல வளையுதுங்கறது. தென்னை ஈர்க்குச்சியைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, அடியில இருந்தே வளையும், அது ஸ்லோ. சவுக்குக் கம்போட நுனி மட்டும் ஆடும், அடி அசையாது, அது ஃபாஸ்ட். நடுவுல இருக்கறது மாடரேட், அதுக்கும் ஃபாஸ்ட்டுக்கும் நடுவுல மாடரேட் ஃபாஸ்ட்.

நமக்கு வேண்டியது மீடியம் பவர், மாடரேட் ஃபாஸ்ட் ஆக்‌ஷன். அது கிடைக்கலைன்னா மீடியம் பவர்ல ஃபாஸ்ட், கம்மி விலைல பெரும்பாலும் அதுதான் கிடைக்கும், அதுவும் நல்லாவே ஓடும். எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் வேண்டாம்.

ஏன்னு சொல்றேன். பாப்பர், ஸ்பூக் ரெண்டுலயும் தொங்கறது மூணு முனை உள்ள ட்ரெபிள் ஹூக், மெல்லிசான கம்பி, ஈஸியா குத்திடும், பலமா இழுக்கவே தேவையில்ல. பிரச்சனை குத்தறதுல இல்ல, குத்தினது பிச்சுக்காம இருக்கறதுல. பாஸ் வெளிய குதிச்சு தலையை உதறும், அப்ப ராட் நுனி கூடவே வளைஞ்சு கொடுத்தா லைன் எப்பவும் டைட்டா இருக்கும், முள்ளு பிடிச்ச இடத்துலயே இருக்கும். ராட் கடப்பாரை மாதிரி நின்னா ஓட்டை பெரிசாகி முள்ளு கழண்டுடும். இன்னொண்ணு, மேல தண்ணி பொளக்னு வெடிச்சதும் நம்ம கை தானா இழுத்துடும், மீன் வாயை மூடறதுக்கு முன்னாடியே பிடுங்கிடுவோம். மெத்துனு இருக்கற நுனி நம்ம அவசரத்தைக் கொஞ்சம் தாங்கிக்கும். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு இதை விட பெரிய உதவி வேற இல்ல.

கிராஃபைட்டா ஃபைபர்கிளாஸான்னு கேப்பாங்க. முழு கிராஃபைட் லேசா இருக்கும், மீன் தொடறது கைல நல்லா தெரியும், ஆனா கார் கதவுல ஒரு தடவை மாட்டினா போச்சு. ஃபைபர்கிளாஸ் கனமா இருக்கும், ஆனா நல்லா வளையும், சீக்கிரம் உடையாது. டாப்வாட்டர்ல மீன் அடிக்கறதைக் கண்ணாலயே பாக்கறோம், அதனால அந்த நுணுக்கமான ஃபீலுக்குக் கூடுதல் காசு கொடுக்கறது வேஸ்ட்னுதான் நான் சொல்வேன். ரெண்டும் கலந்த காம்போசிட் ராட் போதும். ஐஎம்6, ஐஎம்8னு போட்டிருக்கறதைப் பாத்து மயங்காதீங்க, அது ஒரு கம்பெனி தன்னோட கிராஃபைட்டுக்கு வச்ச நம்பர், இப்ப ஆளாளுக்கு விளம்பரத்துக்குப் போட்டுக்கறாங்க.

நீளம்: உங்க உயரத்தைப் பாருங்க

ஸ்பூக்கை ஆட்டணும்னா ராட் நுனியைக் கீழ பாத்துதான் தட்டணும். நான் அஞ்சடி அஞ்சு இன்ச். ஏழரை அடி ராடைக் கீழ சாய்ச்சா நுனி தண்ணிலயும் புல்லுலயும் அடிக்குது, பத்து நிமிஷத்துல மணிக்கட்டு விண்ணு விண்ணுனு வலிக்குது. ஆறரை அடி எடுத்ததும் எல்லாம் சரியாச்சு. ஆறடிக்கு மேல இருக்கறவங்க ஏழடி எடுங்க, இன்னும் தூரமா வீசலாம். கயாக்னு சொல்ற சின்னத் துடுப்புப் படகுல உக்காந்து பிடிக்கற ஐடியா இருந்தா உயரமா இருந்தாலும் ஆறரை தாண்ட வேண்டாம்.

கைப்பிடி நீளத்தை யாரும் பாக்கறதில்ல, ஆனா முக்கியம். ராடைக் கீழ தட்டறப்போ பின்னாடி நீட்டியிருக்கற கைப்பிடி விலாவுலயும் முழங்கைலயும் இடிக்கும். கடைலயே ரீல் இருக்கற இடத்தைப் பிடிச்சு கீழ சாய்ச்சு தட்டிப் பாருங்க, பக்கத்துல இருக்கறவன் ஒரு மாதிரி பாப்பான், பாக்கட்டும். முழங்கையைத் தாண்டி ரொம்ப நீட்டிக்கிட்டு இருந்தா வேற எடுங்க.

ஸ்பின்னிங்கா பெய்ட்காஸ்டரா

ரீல்ல இந்த ரெண்டு வகை. யூட்யூப்ல எல்லாரும் பெய்ட்காஸ்டர்தான் வச்சிருப்பான், பாக்க கெத்தா இருக்கும். நீங்க ஸ்பின்னிங் எடுங்க. பெய்ட்காஸ்டர்ல லைன் சுத்தியிருக்கற ஸ்பூலைக் கட்டை விரலால அடக்கலைன்னா லைன் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கும், அதுவும் 7 கிராம் லூர், கம்மி விலை ரீல், எதிர் காத்து மூணும் சேர்ந்தா விடிஞ்சு வெயில் ஏறற வரைக்கும் சிக்கு எடுத்துக்கிட்டே உக்காந்திருக்கலாம். ஒரு சீசன் ஆனப்புறம் மாறிக்கலாம்.

ரெண்டுக்கும் ராட் வேற வேறங்கறதையும் சொல்லிடறேன், தெரியாம மாத்தி வாங்கிட்டு வந்தவங்களை எனக்குத் தெரியும். ஸ்பின்னிங் ராட்ல ரீல் கீழ தொங்கும், லைன் நுழையற முதல் வளையம் பெரிசா இருக்கும். பெய்ட்காஸ்டர் ராட்ல ரீல் மேல உக்காரும், பிடிக்குக் கீழ துப்பாக்கி விசை மாதிரி ஒரு கொக்கி நீட்டிக்கிட்டிருக்கும்.

ரீல் 2500 சைஸ் எடுங்க. பேரிங் எத்தனைன்னு எண்ணிக்கிட்டு நிக்காதீங்க, மோசமான பேரிங் பத்து இருக்கறதுக்கு நல்லது நாலு இருந்தா போதும். கைப்பிடியைச் சுத்தினா கரகரன்னு இல்லாம ஓடணும், மீன் இழுத்தா லைன் எவ்வளவு இறுக்கமா வெளிய போகணும்னு வைக்கற ட்ராக் திருகாணியைக் கொஞ்சம் லூஸ் பண்ணி லைனை இழுத்தா விட்டு விட்டு ஜெர்க் ஆகாம சீரா வரணும். இந்த ரெண்டு மட்டும் பாருங்க.

கணக்கு

நான் எப்படிப் பிரிப்பேன்னா ராடுக்கு 50, ரீலுக்கு 35, லைனுக்கு 15, மிச்சம் 20க்கு ரெண்டு லூர். 50 டாலர் ரேஞ்சுல ஷேக்ஸ்பியர் கம்பெனியோட அக்லி ஸ்டிக் ஜிஎக்ஸ்2 இருக்கு, கொஞ்சம் கனம்தான், ஆனா புள்ளைங்க கைல கொடுத்தாலும் தாங்கும், மீடியம் ஆறரை அடியும் ஏழடியும் வருது. இன்னும் லேசா வேணும்னா பெர்க்லி லைட்னிங் ராட் பாருங்க. மத்த பிராண்டும் நிறைய இருக்கு, மேல சொன்ன அந்த ஒரு வரி சரியா இருந்தா பேரைப் பத்திக் கவலைப்பட வேண்டாம். ராடும் ரீலும் சேர்த்து காம்போவா 50, 60க்கு வரும், தப்பில்ல, ஆனா அதுல லைன் ஏற்கனவே சுத்தி வந்தா அதை உருவிப் போட்டுட்டு புதுசு சுத்துங்க.

செகண்ட் ஹேண்ட்ல எடுத்தா பாதி விலைல நல்ல ராட் கிடைக்கும். ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ்ல பாத்துட்டுப் போறப்போ காது குடையற பஞ்சுக் குச்சி ரெண்டை எடுத்து பாக்கெட்ல போட்டுக்கோங்க. ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் பஞ்சை விட்டு ஒரு சுத்து சுத்துங்க, பஞ்சோட நூல் எங்கயாவது மாட்டினா அந்த வளையத்துல கீறல் இருக்குன்னு அர்த்தம், லைனை அறுத்துடும். நுனில இருக்கற கடைசி வளையம்தான் பெரும்பாலும் அடி வாங்கியிருக்கும். அப்புறம் கம்பி முழுக்க விரலால தடவிப் பாருங்க, பள்ளமோ வெடிப்போ தட்டுப்பட்டா பத்து டாலருக்குக் கொடுத்தாலும் வேண்டாம். ரெண்டு துண்டு ராடா இருந்தா சேர்ற இடத்துல ஆடுதான்னும் பாத்துடுங்க.

லைன் சொதப்பினா ராட் நல்லதா இருந்தும் பிரயோஜனமில்ல

ஃப்ளூரோகார்பன்னு ஒரு வகை லைன் தண்ணில மூழ்கும், லூரோட மூக்கைக் கீழ இழுக்கும், அதனால டாப்வாட்டருக்கு அது ஆகாது. நம்ம ஊர்ல தங்கூசின்னு சொல்ற நைலான் மோனோ அவ்வளவு சீக்கிரம் மூழ்காது, 10ல இருந்து 12 பவுண்டு போட்டா போதும், விலையும் கம்மி, கொஞ்சம் இழுபடறதால முள்ளு பிச்சுக்காது. முதல் ரெண்டு மாசம் அதையே ஓட்டுங்க.

அப்புறம் பிரெய்டுக்கு, அதாவது பின்னின லைனுக்கு, மாறலாம். 20, 30 பவுண்டு பிரெய்ட், 30 பவுண்டுன்னாலும் தடிமன் 8 பவுண்டு மோனோ அளவுதான், நல்லா தூரம் போகும். ஆனா பிரெய்ட் நூல் மாதிரி தொளதொளன்னு இருக்கறதால ஸ்பூக்கை ஆட்டறப்போ முன்னாடி ட்ரெபிள்ல போய் சுத்திக்கும், அதனால லூருக்கும் பிரெய்டுக்கும் நடுவுல ரெண்டடி மோனோ துண்டு, லீடர்னு சொல்வாங்க, கட்டிக்கணும். முடிச்சு தெரியலைன்னா டபுள் யூனி கத்துக்கோங்க, டிவி பாத்துக்கிட்டே பத்து தடவை கட்டினா வந்துடும். பிரெய்டுக்கு நீட்சி கிட்டத்தட்ட கிடையாது, அதனால ட்ராக்கைக் கொஞ்சம் லூஸ் பண்ணி வைங்க.

தவளை லூர் பத்தி

இதைக் கேக்காம யாரும் விடறதில்ல. ஊர்ல விரால் பிடிச்சுப் பழகினவங்க ரப்பர் தவளைதான் முதல்ல கேப்பாங்க, விராலுக்கு அதுதானே ராஜா. இங்கயும் பாஸ் தவளைக்கு அடிக்கும், அல்லியிலை மேல இழுத்தா பிச்சு எறியும். ஆனா இந்த மீடியம் ராட் அதுக்குச் சரிப்படாது. தவளைல இருக்கறது தடியான டபுள் ஹூக், ரப்பரை அமுக்கிட்டு குத்தணும், குத்தின கையோட மீனைக் கொடிக்குள்ள போக விடாம இழுத்து வெளிய போடணும், அதுக்கு ஏழடி ஹெவி ஃபாஸ்ட் ராடும் 50 பவுண்டுக்கு மேல பிரெய்டும் வேணும். நான் முதல்ல ஏமாந்து வாங்கின அந்த ராட் இப்ப அந்த வேலைக்குத்தான் போகுது, சொல்லப்போனா சூப்பரா போகுது. ரெண்டையும் ஒரே ராட்ல பண்ணப் பாக்காதீங்க, ரெண்டுமே அரைகுறையா போகும். லீவுல ஊருக்குக் கொண்டு போய் ஏரில ஆகாயத்தாமரைக்கு நடுவுல விரால் பிடிக்கற ப்ளான் இருந்தா மூணு நாலு துண்டா வர்ற ட்ராவல் ராட் ஹெவில தனியா பாருங்க, ஏழடி ஒத்தைக் குச்சியை ஏர்போர்ட்ல தூக்கிட்டு அலையற கஷ்டம் எனக்குத் தெரியும்.

வாங்கியாச்சு, அப்புறம்?

நேரா குளத்துக்கு ஓடாதீங்க. லூர்ல இருக்கற ட்ரெபிளைக் கழட்டிட்டு வீட்டுப் பின்னாடி புல்வெளில ஒரு வாளியை வச்சு வீசிப் பழகுங்க, ரெண்டு சாயங்காலம் போதும். வீசறப்போ ராட் பின்னாடி வளையறதை உணரணும், அந்த வளைவுதான் லூரைத் தூக்கிப் போடுது, உங்க தோள் பலம் இல்ல.

மீன்பிடி லைசென்ஸ் எடுக்காம போகாதீங்க. 17 வயசு ஆயிட்டா கிட்டத்தட்ட எல்லாருக்கும் வேணும், ஆன்லைன்லயே எடுக்கலாம், சாதா லைசென்ஸ் எப்ப வாங்கினாலும் ஆகஸ்ட் 31ஓட முடிஞ்சிடும், அதனால ஜூலைல வாங்கறவங்க யோசிச்சு வாங்குங்க. எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை முயற்சி பண்ணணும்னா டெக்ஸஸ் ஸ்டேட் பார்க் உள்ள கரைல நின்னு பிடிக்கறதுக்கு லைசென்ஸ் தேவையில்ல, பார்க் நுழைவுக் கட்டணம் மட்டும்தான். ஜூன் மாசம் முதல் சனிக்கிழமை மாநிலம் முழுக்க ஃப்ரீ. பாஸ் பொதுவா 14 இன்ச்சுக்குக் கீழ இருந்தா விட்டுடணும், ஒரு நாளைக்கு அஞ்சு, ஆனா ஏரிக்கு ஏரி ரூல் மாறும், போர்டைப் படிங்க.

ஏப்ரல்ல இருந்து ஜூன், அப்புறம் செப்டம்பர், அக்டோபர், இதுதான் நல்ல சீசன். நடுக் கோடைல சூரியன் வர்றதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், மறையறப்போ ஒரு மணி நேரம், மத்த நேரம் வீட்ல ஏசில இருங்க. லூர் விழுந்ததும் உடனே இழுக்காதீங்க, வட்ட அலை அடங்கற வரைக்கும் சும்மா விடுங்க, பாதி மீன் அப்பத்தான் அடிக்கும். அடிச்சதும் கையைக் கட்டிப் போட்ட மாதிரி நில்லுங்க, ராட்ல கனம் தெரிஞ்சப்புறம் பக்கவாட்டுல சாய்ச்சு சுத்துங்க, அவ்வளவுதான், மேல தூக்கி உதற வேண்டாம்.

கண்ணாடி கட்டாயம், வெயிலுக்கு இல்ல, பறந்து வர்ற ட்ரெபிளுக்கு. முள்ளு எடுக்க ஒரு நீளமூக்கு இடுக்கி. விடியறதுக்கு முன்னாடி கரைக்குப் போறவங்க டார்ச் அடிச்சு கால் வைக்கற இடத்தைப் பாத்து வைங்க, காட்டன்மவுத்னு ஒரு விஷப் பாம்பு இங்க குளத்தங்கரைல சாதாரணமா படுத்திருக்கும், அதுக்கும் வாய் பெரிசுதான்.